வசனத்தில் அது எங்கே இருக்கிறது? குழுவாக வேதம் வாசிக்கும் முறை

பத்துப் பேர் வேதாகமத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருகிறார்கள். ஒருவர் ஒரு பகுதியை வாசிக்கிறார். வாசித்து முடித்த மறு நிமிடமே இன்னொருவர் அதன் பொருளைச் சொல்லத் தொடங்கிவிடுகிறார். ஒரு மணி நேரம் கழித்துப் புத்தகத்தை மூடும்போது, பேசியவர் என்ன நினைக்கிறார் என்று எல்லாருக்கும் தெரியும். அந்தப் பகுதியில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் ஆளுக்கொரு பக்கம் பார்ப்பார்கள். குழு வாசிப்பு பெரும்பாலும் கெடுவது இந்த இடத்தில்தான்: கேள்வி பிறக்கும் முன்பே பதில் வந்துவிடுகிறது.

கீழே சொல்லும் முறை மூன்று இடங்களிலிருந்து எடுத்தது: யூதர்களின் இருவர் வாசிப்பு, கிறிஸ்தவத் துறவு மடங்களின் நிதான வாசிப்பு, இன்றைய விவிலிய ஆய்வு. ஒரே சமயத்தார் கூடும் குழுவுக்கும், யூதரும் கிறிஸ்தவரும் சேர்ந்து அமரும் குழுவுக்கும் இது பொருந்தும். எபிரெயமோ கிரேக்கமோ தெரிந்திருக்க வேண்டியதில்லை. தெரிந்தவர் ஒருவர் இருந்தால் நல்லது. ஆனால் அவர் கடைசியில்தான் பேச வேண்டும்.

ஆட்கள், நேரம், பகுதியின் அளவு

ஆறு முதல் எட்டுப் பேர் சரியான அளவு. நான்கு பேர் மட்டும் என்றால், இருவர் வராத நாளில் கூட்டமே இல்லை. பத்தைத் தாண்டினால் மூன்று பேர் பேச மற்றவர்கள் கேட்கும் சொற்பொழிவாகிவிடும். அதிகம் பேர் வந்தால் யாரையும் திருப்பி அனுப்ப வேண்டாம். இருவர் இருவராக வாசிக்கும் நேரத்தை நீட்டி, எல்லாரும் சேர்ந்து பேசும் நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

நேரம் 90 நிமிடம். ஒரு மணி நேரத்தில் முடிக்கப் பார்த்தால் முதலில் வெட்டுப்படுவது மௌன வாசிப்பும் இருவர் வாசிப்பும்தான். அவை இரண்டும் போனால் இந்த முறையில் மிச்சம் எதுவும் இல்லை.

கதைப் பகுதி என்றால் 15 முதல் 20 வசனம் போதும். சட்டப் பகுதியோ நிருபமோ (கடிதமோ) என்றால் 6 முதல் 10. சங்கீதத்தை எப்போதும் முழுதாக எடுங்கள். 119ஆம் சங்கீதம் மட்டும் விதிவிலக்கு. அது 176 வசனம் கொண்டது. எபிரெய எழுத்து வரிசைப்படி எட்டெட்டு வசனமாக 22 பத்திகளாக அமைந்திருப்பதால், ஒரு கூட்டத்துக்கு ஒரு பத்தி எடுத்தால் போதும்.

ஒரு அதிகாரம் ஒரு கூட்டம் என்று கணக்கு வைக்காதீர்கள். இன்று நாம் பார்க்கும் அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்துப் பேராயர் ஸ்டீபன் லாங்டன் செய்ததாகச் சொல்லப்படுகிறது. புதிய ஏற்பாட்டின் வசன எண்களை 1551இல் அச்சாளர் ராபர்ட் எஸ்தியேன் போட்டார். இரண்டும் தேடி எடுக்க வசதியானவை. பொருளுக்கு வழிகாட்டி அல்ல. ஏழு நாள் படைப்புக் கதை ஆதியாகமம் 1ஆம் அதிகாரத்தோடு முடியவில்லை, 2:3இல்தான் முடிகிறது. ஏசாயாவின் துன்புறும் ஊழியன் பாடல் 53:1இல் தொடங்கவில்லை, 52:13இல் தொடங்குகிறது. அந்த மூன்று வசனங்களை விட்டுவிட்டு வாசித்தால், ஊழியன் உயர்த்தப்படுவான் என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் துன்பத்தைச் சொல்கிறது பாடல் என்பது தெரியாமல் போகும். பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதே முதல் விளக்கம். அதை அச்சகத்துக்கு விட்டுக்கொடுக்க வேண்டாம்.

வழிநடத்துபவர் ஒருவர், நேரம் பார்ப்பவர் ஒருவர், குறிப்பெடுப்பவர் ஒருவர். மூவரும் கூட்டத்துக்குக் கூட்டம் மாற வேண்டும். வழிநடத்துபவர் ஆசிரியர் அல்ல. யார் எதைச் சொன்னாலும் "வசனத்தில் அது எங்கே இருக்கிறது?" என்று கேட்பது அவர் வேலை. தன் கருத்தைக் கடைசிக் கால் மணி நேரம்வரை சொல்லாமல் இருப்பதும் அவர் வேலை, இரண்டாவதுதான் கடினம்.

தாளைத் தயார் செய்தல்

ஆளுக்கொரு வேதாகமம் கையில் இருந்தாலும், அன்றைய பகுதியைத் தனித் தாளில் அச்செடுத்துக் கொடுங்கள். எழுத்து 13 புள்ளி அளவு, வரிகளுக்கிடையே இரட்டை இடைவெளி, வலப்பக்கம் தாளில் மூன்றில் ஒரு பங்கு வெற்றிடம். பதிப்பாளர் போட்ட உபதலைப்புகளை நீக்கிவிடுங்கள். "ஆபிரகாமின் விசுவாசம் சோதிக்கப்படுதல்" என்று தலைப்பு இருந்தால், வாசிப்பவர் அதைத்தான் உள்ளே தேடுவார், வேறொன்றும் கண்ணில் படாது. அடிக்குறிப்புகளையும் நீக்கி வழிநடத்துபவர் தாளில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அவை பின்னால் தேவைப்படும்.

மொழிபெயர்ப்பு இரண்டு வேண்டும், தாளின் இரு பக்கங்களிலும் ஒவ்வொன்றாக. தமிழில் இதற்கு நல்ல வாய்ப்பு உண்டு. "கர்த்தர்", "ஆதியாகமம்" என்று வரும் பழைய மொழிபெயர்ப்பையும், "ஆண்டவர்", "தொடக்கநூல்" என்று வரும் 1995ஆம் ஆண்டுப் பொது மொழிபெயர்ப்பையும் அருகருகே வைத்தாலே, எங்கெங்கே மூலம் இருவேறு விதமாகப் புரிந்துகொள்ளப்பட்டிருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். இரண்டும் வேறுபடும் இடத்தில்தான் பேச வேண்டிய விஷயம் இருக்கும். எளிய நடையில் விரித்து எழுதிய பதிப்பை முதல் தாளாக வைக்காதீர்கள். வாசிப்பவர் செய்ய வேண்டிய வேலையை அது முன்பே செய்து முடித்திருக்கும்.

எண்களை முன்கூட்டியே சரிபார்த்துவிடுங்கள். பத்து நிமிடம் மிச்சமாகும். யூதப் பதிப்புகளில் சங்கீதத்தின் தலைப்புக்கும் வசன எண் உண்டு. 51ஆம் சங்கீதத்தில் மற்றவர்களுக்கு முதல் வசனமாக இருப்பது அங்கே மூன்றாம் வசனம். யோவேல் நூல் எபிரெயப் பதிப்பில் நான்கு அதிகாரம், பல கிறிஸ்தவப் பதிப்புகளில் மூன்று. மல்கியாவில் இது தலைகீழ், எபிரெயத்தில் மூன்று, மற்றதில் நான்கு. கிரேக்க, லத்தீன் மரபைப் பின்பற்றும் பழைய கத்தோலிக்க நூல்களில் 23ஆம் சங்கீதம் 22ஆக இருக்கும்.

நூல்களின் எண்ணிக்கையும் வேறு. எபிரெய வேதமான தனாக்கில் 24 நூல். அதையே சீர்திருத்தச் சபைகள் 39ஆகப் பிரித்து எண்ணுகின்றன, உள்ளடக்கம் ஒன்றுதான். கத்தோலிக்கரின் பழைய ஏற்பாட்டில் 46. தோபித்து, யூதித்து, சீராக் முதலிய ஏழு நூல்கள் கூடுதல். வரிசையும் வேறு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அச்சிட்ட தனாக் பெரும்பாலும் நாளாகமத்தோடு, எருசலேமுக்குப் புறப்பட்டுப் போகலாம் என்ற கோரேசு மன்னனின் ஆணையோடு முடிகிறது. கிறிஸ்தவரின் பழைய ஏற்பாடு மல்கியாவோடு, எலியா வருவார் என்ற எதிர்பார்ப்போடு முடிகிறது. ஒன்று ஊர் திரும்பச் சொல்லி முடிகிறது, மற்றது ஒருவரை எதிர்நோக்கி முடிகிறது. அடுக்கிய விதத்திலேயே ஒரு விளக்கம் இருக்கிறது.

கூட்டம் நடக்கும் விதம்

எடுத்துக்காட்டுக்கு ஆதியாகமம் 22:1–19 எடுத்துக்கொள்வோம். ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிடக் கொண்டுபோகும் பகுதி. புதிய குழுவுக்கு இதைவிடச் சிறந்த தொடக்கம் இல்லை. எல்லாருக்கும் தெரிந்த கதை, யாரும் முழுதாக வாசித்திராத கதை.

முதல் 10 நிமிடம் உரக்க வாசிப்பு. இரண்டு முறை, இரண்டு குரல், இரண்டு மொழிபெயர்ப்பு. முதல் முறை தாள் கவிழ்ந்திருக்கட்டும், காது மட்டும் வேலை செய்யட்டும். இரண்டாம் முறை தாளைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள். நாடகம் போல வாசிக்க வேண்டாம். குரலில் ஏற்ற இறக்கம் வைத்தால் வாசிப்பவர் பொருளை முடிவுசெய்துவிடுகிறார்.

அடுத்த 10 நிமிடம் மௌனம். பேனாவோடு. திரும்பத் திரும்ப வரும் சொல்லுக்கு ஒரு நிறம், ஒருவரை எப்படியெல்லாம் குறிப்பிடுகிறது என்பதற்கு ஒரு நிறம், நேரடிப் பேச்சுக்கு ஒரு நிறம். மூன்றுக்கு மேல் நிறம் வேண்டாம், தாள் கோலமாகிவிடும். புதியவர்களுக்கு இந்தப் பத்து நிமிடம் நீளமாகத் தோன்றும். நான்காம் நிமிடத்தில் "முடிந்துவிட்டது" என்று நிமிர்ந்து பார்ப்பார்கள். ஏழாம் நிமிடத்தில்தான் முதலில் பார்க்காததைப் பார்ப்பார்கள். ஆகவே நேரத்தைக் குறைக்காதீர்கள்.

பிறகு 25 நிமிடம் இருவர் வாசிப்பு. யூத மரபில் இதற்கு ஹவ்ரூதா என்று பெயர். தோழமை என்ற பொருளுள்ள சொல். "உனக்கு ஓர் ஆசிரியரை ஏற்படுத்திக்கொள், ஒரு தோழரைச் சம்பாதித்துக்கொள்" என்கிறது பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் ஆவோத் பகுதி. தோழர் எதற்கு என்பதை, மிஷ்னாவை விரித்துப் பேசும் தல்மூதில் ஒரு கதை சொல்கிறது. லாக்கிஷின் மகன் என்றும் அழைக்கப்பட்ட ரெஷ் லாக்கிஷ் இறந்த பிறகு, அவரோடு சேர்ந்து கற்ற ரபி யோகனானுக்குத் துணையாக இன்னொருவரை அனுப்பினார்கள். யோகனான் எது சொன்னாலும் அதற்கு ஆதரவாக ஒரு மேற்கோள் காட்டினார் வந்தவர். யோகனான் நொந்துபோனார்: லாக்கிஷின் மகன் நான் சொன்ன ஒவ்வொன்றுக்கும் 24 மறுப்புச் சொல்வான், நான் 24 பதில் சொல்வேன், அதனால் விஷயம் விரிந்தது, நான் சொல்வது சரி என்பது எனக்கே தெரியாதா? இருவர் வாசிப்பில் துணைவரின் கடமை இதுதான். தலையாட்டுவது உதவி ஆகாது.

இருவரும் முழங்காலுக்கு முழங்கால் எதிரெதிரே உட்காரட்டும். ஒருவர் ஒரு வசனத்தை உரக்க வாசித்துத் தன் சொந்தச் சொல்லில் சொல்ல வேண்டும், மற்றவர் "அந்தச் சொல் அதைச் சொல்கிறதா?" என்று மறிக்க வேண்டும். அடுத்த வசனத்தில் மாறிக்கொள்ளுங்கள். அறையில் இரைச்சல் இருந்தால் கவலைப்படாதீர்கள். யூதர்களின் கல்விக்கூடம் அப்படித்தான் இருக்கும். ஒவ்வொரு இணையும் இறுதியில் ஒரே ஒரு கேள்வியோடு திரும்ப வேண்டும். வசன எண்ணோடு, பதில் இல்லாமல்.

எதைத் தேடுவது? திரும்ப வரும் சொல். தேவையில்லாதது போலத் தோன்றும் சொல். இருக்க வேண்டிய இடத்தில் இல்லாத ஆள். பேசாமல் இருப்பவர். இரண்டு விதமாக வாசிக்கக்கூடிய வாக்கியம். இந்த ஐந்தும் கையில் இருந்தால் எந்தப் பகுதியும் திறந்துகொள்ளும். நம் பகுதியில் அவை எப்படி வேலை செய்கின்றன என்று பாருங்கள்.

இரண்டாம் வசனத்தில் கடவுள் "ஈசாக்கை" என்று ஒரே சொல்லில் சொல்லியிருக்கலாம். "உன் மகனை, உன் ஒரே மகனை, நீ நேசிக்கிறவனை, ஈசாக்கை" என்று நான்காக அடுக்குகிறது. ஏன் நான்கு? பிரெஞ்சு நாட்டின் த்ருவா நகரில் வாழ்ந்த யூத உரையாசிரியர் ராஷி (1040–1105), பழைய மரபைப் பின்பற்றி, இடையிடையே ஆபிரகாமின் பதிலைக் கேட்கிறார். "உன் மகனை" – எனக்கு இரண்டு மகன்கள். "ஒரே மகனை" – இவன் இவன் தாய்க்கு ஒரே மகன், அவன் அவன் தாய்க்கு. "நேசிக்கிறவனை" – இருவரையும் நேசிக்கிறேன். "ஈசாக்கை." வசனத்தில் இல்லாத உரையாடல்தான், ஆனால் வசனத்தின் அடுக்கு இல்லாமல் அது பிறந்திருக்காது. கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தா இதே இடத்தில் "ஒரே" என்பதற்குப் பதிலாக "அன்பான" என்ற சொல்லைப் போடுகிறது. இயேசு ஞானஸ்நானம் பெறும்போது மாற்கு 1:11இல் வானத்திலிருந்து கேட்கும் "அன்பான மகன்" என்பதில் வருவதும் அந்தச் சொல்தான்.

"இதோ இருக்கிறேன்" என்று பொருள்படும் எபிரெயச் சொல் 1, 7, 11ஆம் வசனங்களில் வருகிறது. கடவுளுக்கும், மகனுக்கும், தூதருக்கும் ஆபிரகாம் சொல்வது ஒரே சொல். தமிழில் ஒரு இடத்தில் "அடியேன்" என்றும் இன்னொரு இடத்தில் "இருக்கிறேன்" என்றும் மரியாதைக்கேற்ப மாற்றிவிட்டால் இந்த ஒற்றுமை மறைந்துவிடும். மொழிபெயர்ப்புகளை ஒப்பிடச் சொல்வது இதற்காகத்தான்.

"பார்" என்ற வினையைப் பின்தொடருங்கள். 4இல் ஆபிரகாம் கண்ணை ஏறெடுத்து இடத்தைப் பார்க்கிறார். 8இல் ஆட்டைத் தேவன் பார்த்துக்கொள்வார் என்கிறார். 13இல் கண்ணை ஏறெடுத்து ஆட்டுக்கடாவைப் பார்க்கிறார். 14இல் அந்த இடத்துக்கே அந்த வினையால் பெயர் வைக்கிறார். இங்கே தமிழ் நமக்குக் கைகொடுக்கிறது. காண்பது, ஏற்பாடு செய்வது என்ற இரு பொருளும் "பார்த்துக்கொள்" என்பதில் எபிரெயத்தில் போலவே இயல்பாகச் சேர்ந்திருக்கின்றன.

எட்டாம் வசனத்தில் ஆபிரகாம் சொல்லும் பதில் எபிரெயத்தில் "என் மகன்" என்ற சொல்லோடு முடிகிறது. நிறுத்தக்குறி இல்லாத மூலத்தில் அது மகனை அழைப்பதாகவும் இருக்கலாம், பலி எது என்று சொல்வதாகவும் இருக்கலாம். ராஷி இரண்டாவதையும் கேட்கிறார். தமிழில் "மகனே" என்று விளி வந்துவிடுவதால் ஒரு பொருள்தான் மிஞ்சுகிறது. மொழிபெயர்த்தவர் தவறு செய்யவில்லை. ஒரு வாசலைத் திறந்தார், இன்னொன்று தானாக மூடிக்கொண்டது.

கடைசியாக, இல்லாத ஆள். 6, 8ஆம் வசனங்களில் "இருவரும் சேர்ந்து போனார்கள்" என்று வருகிறது. 19இல் ஆபிரகாம் வேலைக்காரர்களிடம் திரும்பி வருகிறார், அவர்கள் சேர்ந்து பெயெர்செபாவுக்குப் போகிறார்கள். ஈசாக்கு எங்கே? ஈசாக்கின் தாய் சாராளின் பெயர் இந்தக் கதையில் ஒரு முறைகூட வரவில்லை. அடுத்த அதிகாரம் அவள் மரணத்தோடு தொடங்குகிறது. சோதோம் நகரைக் காக்க 18ஆம் அதிகாரத்தில் ஐம்பது நீதிமான்களிலிருந்து பத்துவரை எண்ணிக்கையைக் குறைத்து வாதாடிய ஆபிரகாம், இங்கே ஒரு சொல்லும் எதிர்த்துப் பேசவில்லை.

"ஆபிரகாம் ஏன் மறுக்கவில்லை?" என்பது அகலமான கேள்வி. அதற்கு யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். "18:32இல் வாதாடியவர் 22:3இல் ஏன் விடியற்காலையில் எழுந்து புறப்படுகிறார்?" என்பது கூர்மையான கேள்வி. பதில் சொல்ல இரண்டு பகுதிகளையும் திரும்ப வாசித்தாக வேண்டும். திரும்ப வாசிக்க வைக்காத கேள்வியைக் குழுவுக்குக் கொண்டுவர வேண்டாம்.

இனி 25 நிமிடம் எல்லாரும் சேர்ந்து. இணைகள் கொண்டுவந்த கேள்விகளைப் பலகையில் எழுதி, இரண்டை மட்டும் தேர்ந்தெடுங்கள். நான்கையும் தொட்டால் எதுவும் ஆழமாகப் போகாது. விடைகள் வரும்போது ஒவ்வொன்றுக்கும் எந்தச் சொல் ஆதாரம் என்று பக்கத்தில் எழுதுங்கள். ஆதாரம் எழுத முடியாத விடை தவறு என்று அர்த்தமில்லை. அது வாசகர் கொண்டுவந்தது, பகுதி கொடுத்ததல்ல. அந்த வேறுபாடு பலகையில் தெரிந்தால் போதும்.

உரைகளைத் திறக்கும் நேரம்

உரை நூல்களுக்கு 15 நிமிடம். இதற்கு முன் யாரும் உரையைத் திறக்கக் கூடாது, கைபேசியிலும்தான். மொழி தெரிந்தவரும் இப்போதுதான் பேசுவார். 25ஆம் நிமிடத்தில் "மூலத்தில் அந்தச் சொல்லுக்கு இதுதான் பொருள்" என்று அவர் சொல்லிவிட்டால், இருவர் வாசிப்பு அத்தோடு நின்றுவிடும்.

உரையாசிரியரைத் தீர்ப்பு சொல்பவராக அல்ல, முன்பே இந்தப் பகுதியை வாசித்த இன்னொரு துணைவராக நடத்துங்கள். நெஹமா லைபோவிட்ஸ் (1905–1997) எருசலேமிலிருந்து 1942 தொடங்கி ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் வாரந்தோறும் கேள்வித்தாள் அனுப்பி ஆயிரக்கணக்கானோருக்குத் தோரா (வேதத்தின் முதல் ஐந்து நூல்கள்) கற்பித்தவர். "ராஷிக்கு இங்கே என்ன சிக்கல்?" என்பது அவர் தாள்களில் ஓயாமல் வரும் கேள்வி. ராஷி என்ன சொல்கிறார் என்பதல்ல. எந்தச் சொல் இடறியதால் அவர் வாயைத் திறந்தார் என்பது. எந்த உரைக்கும், கிறிஸ்தவ உரைக்கும், இதையே கேளுங்கள்.

இரண்டு உரையாவது ஒன்றோடொன்று மோத வேண்டும். ஈசாக்கின் வயதை எடுத்துக்கொள்ளுங்கள். சாராள் 90 வயதில் பெற்றாள், 127 வயதில் இறந்தாள், இந்த நிகழ்ச்சியைக் கேட்டு இறந்தாள் என்று கொண்டு, வசனத்தை விரித்துச் சொல்லும் பழைய யூத விளக்கமான மித்ராஷ் மரபு 37 என்கிறது. அப்படியானால் அவன் சம்மதித்துப் போனவன். 12ஆம் நூற்றாண்டின் யூத உரையாசிரியர் இப்னு எஸ்ரா இதை ஏற்கவில்லை. ஏறக்குறைய 13 என்கிறார், சம்மதித்திருந்தால் பகுதி அவனைப் புகழ்ந்திருக்குமே என்று காரணம் சொல்கிறார். தாளைப் பாருங்கள்: 6இல் பலிக்கான விறகைச் சுமக்கும் அளவுக்கு அவன் வளர்ந்தவன், 5, 12இல் அவனைக் குறிக்கும் சொல் வேலைக்காரப் பையன்களுக்கும் வருவது. எது எதைத் தாங்குகிறது என்று குழுவே எடைபோடட்டும்.

பின்னர் புதிய ஏற்பாடு. எபிரெயர் 11:17–19, இறந்தோரிலிருந்தும் கடவுள் எழுப்ப வல்லவர் என்று ஆபிரகாம் எண்ணியதாகச் சொல்கிறது. யாக்கோபு 2:21 இதைச் செயலால் வந்த நீதி என்று எடுக்கிறது. ஆதியாகமம் ஆபிரகாமின் எண்ணத்தைச் சொல்லவே இல்லை. "நாங்கள் தொழுதுகொண்டு உங்களிடம் திரும்பி வருவோம்" என்ற 22:5இன் பன்மையை எபிரெயர் நிருபத்தோடு வைத்து வாசித்துப் பாருங்கள்.

யூத மரபு விளக்கத்தை நான்காக வகுக்கும்: நேர்ப்பொருள், குறிப்பு, தேடி விரித்த பொருள், மறைபொருள். நடுக்காலக் கிறிஸ்தவ மரபும் நான்காகவே வகுத்தது: நிகழ்ந்தது, நம்ப வேண்டியது, செய்ய வேண்டியது, நம்பியிருப்பது. இரண்டு வகுப்பும் ஒன்றல்ல, ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்க முயலாதீர்கள். பொதுவாக இருப்பது வரிசைதான். நேர்ப்பொருள் முதலில். தமிழில் உரை கற்றவர்களுக்கு இது புதிதல்ல. பதவுரை சொல்லாமல் விளக்கவுரைக்குப் போவதில்லை.

கடைசி 5 நிமிடம் மீண்டும் ஒரு முறை உரக்க வாசித்து, பேச்சில்லாமல் கலையுங்கள். ஜெபக் குழுவாக இருந்தால் ஜெபம் இங்கே வரட்டும். 12ஆம் நூற்றாண்டுத் துறவி இரண்டாம் கீகோ வாசிப்பு, தியானம், ஜெபம், காட்சி என்று நான்கு படிகளாக வகுத்ததிலும் வாசிப்பே முதற்படி.

வகைக்கேற்ற மாற்றங்கள்

கவிதையில் இரண்டாம் அடி முதல் அடியை வேறு சொல்லில் திருப்பிச் சொல்லும். சகரியா 9:9இல் "கழுதையின்மேல், கழுதைக் குட்டியின்மேல்" என்பது ஒரே விலங்கு. மத்தேயு 21 இரண்டு விலங்குகளைக் கொண்டுவருகிறது. மாற்கு, லூக்கா, யோவானில் ஒன்றுதான். இதைச் சண்டையாக்காமல், மத்தேயு தீர்க்கதரிசனத்தின் ஒவ்வொரு சொல்லையும் எப்படிப் பிடித்துக்கொள்கிறார் என்று பார்க்கலாம்.

நிருபம் ஒரு பக்கத் தொலைபேசிப் பேச்சு போன்றது. மறுபக்கம் என்ன கேட்டிருக்கும் என்று இருவர் வாசிப்பில் எழுதிப் பாருங்கள். நற்செய்திப் பகுதிக்கு இணைப்பகுதி இருந்தால் அதை இரண்டாம் கூட்டத்தில் எடுங்கள். முதல் நாளே நான்கையும் கலந்தால் எதிலும் இல்லாத ஐந்தாவது கதை உருவாகும்.

பழைய கையெழுத்துப் படிகளில் இல்லாத பகுதிகளை அடிக்குறிப்புக் காட்டும். மிகப் பழைய கிரேக்கப் படிகளான சினாய், வத்திக்கான் சுவடிகளில் மாற்கு 16:8உடன் முடிகிறது. யோவான் 7:53–8:11 மிகப் பழைய படிகளில் இல்லை. இதை முன்பே அறியாதவர் கூட்டத்தில் திடீரென்று கேட்டால் மனம் கலங்கக்கூடும். வழிநடத்துபவர் தொடக்கத்திலேயே நிதானமாகச் சொல்லிவிடுவது நல்லது.

யூதரும் கிறிஸ்தவரும் சேர்ந்து அமரும்போது

வெள்ளி மாலை முதல் சனி இரவு வரை ஓய்வுநாள். அப்போது எழுதுவதையும் பயணத்தையும் தவிர்க்கும் யூதர் வர முடியாது. வேறு நாள் வையுங்கள். கடவுளின் நான்கெழுத்துப் பெயரை யூதர் உச்சரிப்பதில்லை. வாசிக்கும்போது "ஆண்டவர்" என்று பொருள்படும் சொல்லைச் சொல்வார்கள். கூட்டத்தில் எல்லாரும் "கர்த்தர்" அல்லது "ஆண்டவர்" என்றே சொன்னால் யாருக்கும் இடறல் இல்லை. எபிரெயத்தில் அந்தப் பெயர் அச்சான தாளைக் குப்பையில் போட மாட்டார்கள், தனியே சேர்த்துவைத்துப் புதைப்பார்கள். எனவே எபிரெயத் தாள்களைக் கூட்டம் முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். "பழைய ஏற்பாடு" என்பது கிறிஸ்தவர் வைத்த பெயர். பொதுவில் "எபிரெய வேதம்" அல்லது "தனாக்" என்பது நேர்மையானது.

எவரையும் "யூதர்கள் இதை எப்படிப் பார்க்கிறார்கள்?" என்று கேட்காதீர்கள். வந்திருப்பவர் ஒரு வாசகர். தம் மக்கள் அனைவருக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அல்ல. மதம் மாற்றும் நோக்கம் உள்ளவர் இருந்தால் குழு ஒரு மாதத்தில் கலைந்துவிடும். முதல் நாளே இதை வெளிப்படையாகப் பேசிவிடுங்கள்.

பழைய ஏற்பாட்டுக் கடவுள் கோபக்காரர், புதிய ஏற்பாட்டுக் கடவுள் அன்பானவர் என்ற பேச்சு கிறிஸ்தவக் குழுக்களில் எளிதாக வரும். வரும்போதே வசனத்தைக் கேளுங்கள். "உன்னைப்போல் பிறனை நேசி" என்பது லேவியராகமம் 19:18. "கண்ணுக்குக் கண்" என்ற யாத்திராகமம் 21:24ஐ மிஷ்னா பண ஈடாகவே எடுத்துக்கொள்கிறது. சேதம், வலி, மருத்துவம், வேலையிழப்பு, அவமானம் என்று ஐந்துக்கும் தனித்தனியே ஈடு கணக்கிடச் சொல்கிறது. இது தெரிந்த பிறகு மத்தேயு 5:38ஐ வாசித்தால் வாசிப்பே மாறும். இயேசு காலத்து யூதப் பிரிவு ஒன்றைக் குறிக்கும் பரிசேயர் என்ற சொல்லை "வேஷக்காரர்" என்பதற்கு மாற்றுச் சொல்லாகப் பயன்படுத்துவதையும் அதே கண்டிப்போடு நிறுத்துங்கள்.

ஏசாயா 7:14 போன்ற வசனம் வந்தால் ஒழுங்கு தப்பாமல் போங்கள். முதலில் 7:1–17 முழுதும், ஆகாஸ் மன்னனும் அவனை மிரட்டிய இரண்டு அரசர்களுமாக. பிறகு சொல்: எபிரெயத்தில் இளம்பெண்ணைக் குறிப்பது, கிரேக்க மொழிபெயர்ப்பில் கன்னியைக் குறிப்பது. தமிழ் மொழிபெயர்ப்புகளும் "கன்னிகை", "இளம்பெண்" என்று இங்கே பிரிகின்றன. கடைசியில் மத்தேயு 1:23. ஆகாஸுக்கு அது என்ன அடையாளமாக இருந்தது என்று முதலில் கேட்காத குழு, மத்தேயு அதைக் கொண்டு என்ன செய்கிறார் என்பதையும் பார்க்காது.

வழியில் கெடும் இடங்கள்

ஒருவரே பேசுகிறார் என்றால் கண்டிப்பால் பயனில்லை. அவரை அன்று குறிப்பெடுக்க வையுங்கள். கை எழுதும்போது காது திறக்கும். யாரும் பேசவில்லை என்றால் கேள்வி பெரிதாக இருக்கிறது. "இந்தப் பகுதியில் யார் பேசவில்லை?" என்பது போல, விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஒன்றைக் கேளுங்கள்.

"இது எனக்கு என்ன சொல்கிறது?" என்பது நல்ல கேள்வி, ஆனால் முதல் அரை மணியில் வந்தால் பகுதி கண்ணாடியாகிவிடும்; ஒவ்வொருவரும் தன் முகத்தைத்தான் பார்ப்பார். அதைக் கடைசியில் வையுங்கள்.

ஒரு வசனத்துக்கு விளக்கம் கேட்டால் ஏழு வசனங்களை ஒப்பிப்பவர் இருப்பார். சொல்லடைவு கையில் இருப்பவருக்கு இந்தச் சபலம் அதிகம். ஒரு கூட்டத்துக்கு வெளிவசனம் மூன்று என்று வரம்பு வையுங்கள். ஒவ்வொன்றையும் அதன் சூழலோடு நான்கு வரியாவது வாசித்தாக வேண்டும். அகராதியில் ஒரு சொல்லுக்கு ஆறு பொருள் இருந்தால் ஆறும் ஒரே இடத்தில் வராது. "படி" என்பதற்குப் படித்தல், படிக்கட்டு, அளவு என்று பல பொருள் உண்டு. "பாடத்தைப் படி" என்னும்போது படிக்கட்டை யாரும் நினைப்பதில்லை. எபிரெயத்துக்கும் கிரேக்கத்துக்கும் அதே நியாயம்தான்.

கருத்து வேறுபாடு சூடானால், எதிர்த்தரப்பு சொன்னதை அவரே ஒப்புக்கொள்ளும்படி ஒருமுறை திருப்பிச் சொன்ன பிறகுதான் மறுக்கலாம் என்று விதி வையுங்கள். பெரும்பாலும் அந்த ஒரு சுற்றிலேயே, இருவரும் வெவ்வேறு வசனத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது தெரிந்துவிடும்.

குறிப்பெடுத்தவர் அன்றிரவே ஒரு பக்கம் எழுதி எல்லாருக்கும் அனுப்ப வேண்டும்: பகுதி, எழுந்த கேள்விகள், ஒவ்வொரு விளக்கத்துக்கும் ஆதாரமான வசன எண், தீராமல் நின்றது எது. யார் சொன்னது என்று பெயர் வேண்டாம். அடுத்த கூட்டத்தைத் தீராமல் நின்றதை உரக்க வாசித்துத் தொடங்குங்கள். ஈசாக்கு எங்கே என்ற கேள்வி மூன்று மாதம் கழித்து, ஆதியாகமம் 24:62க்கு வரும்போது, யாரும் அழைக்காமலே திரும்ப எழும். அன்றைய தாளையும் எடுத்துவரச் சொல்லுங்கள்.